முன் திரையா, பின் திரையா?

மெதுவான ஷட்டரோடு பிளாஷைச் சேர்த்து உருவப்படம் எடுக்கத் தொடங்குபவர் எவருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "பின் திரையில் வை." கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஸ்ரூடியோ வைத்திருக்கும் நான் அதைப் பாதிதான் ஏற்கிறேன்.

கமராவின் ஷட்டரைத் திறப்பது முன் திரை, மூடுவது பின் திரை; பிளாஷ் எதனோடு சேர்ந்து வெட்டுகிறது என்பதுதான் பேச்சு. ஷட்டர் அரை செக்கன் திறந்திருக்கிறது என்று வையுங்கள். பிளாஷ் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குள் வெட்டி ஓய்ந்துவிடும். முகம் கூர்மையாகப் பதிவது அப்போதுதான். மிச்ச நேரமெல்லாம் மின்குமிழ் வெளிச்சம் அசைவை இழுத்து இழுத்துத் தீட்டும். முன் திரையில் ஷட்டர் திறந்தவுடன் பிளாஷ் வெட்டுவதால், வீசிய கையின் கோடு கைக்கு முன்னால் ஓடும். ஆள் பின்னுக்குப் போவதுபோல் தோன்றும். பின் திரையில் ஷட்டர் மூடுமுன் வெட்டும். கோடு வால்போல் பின்னால் வரும். காவடிக்கும் கரகத்துக்கும் மறுபேச்சின்றிப் பின் திரைதான்.

முகம் என்று வரும்போதுதான் வில்லங்கம். அரங்கேற்ற அழைப்பிதழுக்காக ஒரு பிள்ளையைப் பின் திரையில் எடுத்தேன். ஒளியளவைக் கமராவே தீர்மானிக்கும் டீடீஎல் முறையில், ஷட்டர் திறக்குமுன் அளவுபார்க்க ஒரு சிறு வெட்டு வரும். அதோடு படம் முடிந்தது என்று நினைத்தவள் முத்திரையைக் கலைத்து, "அண்ணா, எடுத்துவிட்டீர்களா?" என்று வாய் திறந்தாள். அப்போதுதான் உண்மையான பிளாஷ் வெட்டியது. பல்லெல்லாம் அத்தனை கூர்மை! ஒளியளவை நாமே வைக்கும் மனுவலுக்கு மாற்றினால் அந்த முன்வெட்டு போய்விடும்; ஆனால் அரை செக்கன் கழித்துக் கண் எங்கே பார்க்கும் என்பது அவளுக்கே தெரியாது.

முன் திரைக்கு மாறினேன். "முத்திரையோடு நில்லுங்கள் பிள்ளை, வெட்டியதும் தலையை அசைக்காமல் கையை மட்டும் பின்னுக்கு இழுங்கள்" என்றேன். கோடு பின்னால் விழுந்தது. முகமோ நான் பார்த்துப் பொத்தானை அழுத்திய அதே முகம். பிளாஷைக் கம்பியில்லாமல் வெட்டவைக்கும் மலிவான ரேடியோ டிரிகர்கள் பலவற்றுக்கு முன் திரை மட்டுமே தெரியும் என்பதால் செலவும் மிச்சம்.

எதில் எடுத்தாலும் பின்னணி கறுப்புத் துணியாக இருக்கட்டும். வெளிர்ச் சுவர் என்றால், ஆள் விலகிய இடத்தில் அது உடம்பின் ஊடாகத் தெரியும். ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் குமிழ் வெளிச்சம்தான் கூடும், பிளாஷ் அப்படியே நிற்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். வன்னி வெக்கையில் கொடுமைதான், ஆனால் முடி பறந்தால் அதுவும் கோடாகும். கதவையும் சாத்துங்கள். ஒரு மாலை நான் மறந்துபோனேன். யாழ்ப்பாணம் போன பஸ் ஒன்று மணப்பெண்ணின் நெற்றிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனது.