கழுத்தில் போடும் ‘பதற்ற ஊசி’: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு மேல் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர் அவர். விபத்துகளில் பார்த்ததெல்லாம் ராத்திரியில் திரும்ப வரும். கதவு சத்தமாகச் சாத்தினால் உடம்பு தூக்கிப் போடும். ஒரு கிளினிக் விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தார். “கழுத்தில் ஒரே ஊசி, 15 நிமிடம், உங்கள் நரம்பு மண்டலம் ரீசெட் ஆகிவிடும்” என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பேக்கேஜ் 4,800 டாலர், முழுப் பணமும் முன்கூட்டியே, திருப்பித் தரமாட்டோம். கார்டில் கட்டினார். கிடைத்தது கம்மிய குரல், வீங்கிய கழுத்து, வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இரவு. மூன்று வாரத்தில் பதற்றம் பழையபடி வந்து நின்றது.

அவர் சம்மதத்தோடு, அவர் கொடுத்த காகிதங்களைப் படித்துவிட்டு இதை எழுதுகிறோம். மயக்க மருந்தும் வலி சிகிச்சையும் எங்கள் வேலை. கிளினிக்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் இதே பாணியில் விற்கிறவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள் என்பதால் அங்கே என்னென்ன தப்பு நடந்தது, ஏன் அது தப்பு என்று விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் ஒன்று. இந்த ஊசி போலி அல்ல. பெயர் ஸ்டெல்லேட் கேங்லியான் பிளாக், சுருக்கமாக எஸ்.ஜி.பி. கழுத்தின் அடியில், கடைசிக் கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. பயம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது, கை வியர்ப்பது, கண்மணி விரிவது எல்லாம் பரிவு நரம்புகளின் வேலை. அவை தலைக்கும் கைக்கும் போகும் வழியில் இருக்கும் முடிச்சு இது. அதைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால் சில மணி நேரம் அந்த நரம்புகள் அடங்கும். அடிபட்ட பிறகு கையில் எரிச்சலும் வீக்கமும் தீராமல் கிடப்பவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக இதைப் போடுகிறார்கள். தமிழ்நாட்டு வலி சிகிச்சைப் பிரிவுகளிலும் இது தெரிந்த ஊசிதான். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன நோய்க்கு, அதாவது பி.டி.எஸ்.டி.க்கு, இதைப் பயன்படுத்தி 2008-இல் சிகாகோவின் மயக்கவியல் மருத்துவர் யூஜின் லிப்போவ் அறிக்கை வெளியிட்டார். பேச்சு பரவியது அதன் பிறகுதான்.

பலன் உண்டா? சான் டியாகோ கடற்படை மருத்துவமனையில் 42 பேரை வைத்துச் செய்த சோதனை 2016-இல் வெளியானது. உண்மையான ஊசிக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயருக்குப் போட்ட பொய் ஊசிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அடுத்தது பெரிய சோதனை. மூன்று அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள், 113 பேர், வலப்பக்கம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி. எட்டு வாரம் கழித்து, நோயின் கடுமையை அளக்கும் காப்ஸ்-5 என்ற நேர்காணல் மதிப்பெண் உண்மையான ஊசி போட்டவர்களுக்கு 12.6 புள்ளி குறைந்தது. பொய் ஊசிக்காரர்களுக்கு 6.1. ஆக வித்தியாசம் உண்டு. ஆனால் குறைந்ததில் ஏறக்குறைய பாதி, ஊசி அந்த முடிச்சுப் பக்கமே போகாதவர்களுக்கும் குறைந்திருக்கிறது. இதையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்த அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும், 2023-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில், ‘போடு’ என்றோ ‘போடாதே’ என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதின. பி.டி.எஸ்.டி.க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு ஒப்புதல் தரவில்லை. ஒப்புதல் பெற்ற மருந்தை வேறு நோய்க்கு மருத்துவர் கொடுப்பது சட்டப்படி சரிதான், அதில் தப்பில்லை. அதை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பதுதான் தப்பு. பொதுவான பதற்ற நோய்க்கோ இந்த அளவு சோதனைகூட இல்லை. விளம்பரத்தில் 80, 85 விழுக்காடு வெற்றி என்று போட்டிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இப்போது அவருடைய காகிதங்கள்.

போனில் அவரிடம் கேட்டது பெயர், வயது, கார்டு எண். நோய் என்ன என்று யாரும் கண்டறியவில்லை. பி.டி.எஸ்.டி.யா, பதற்ற நோயா, தைராய்டு கோளாறால் வரும் படபடப்பா, குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கமா, எதையும் பார்க்கவில்லை. தற்கொலை எண்ணம், மிதமிஞ்சிய போதைப் பழக்கம், பைபோலார் நோய் இருந்தவர்களை ராணுவச் சோதனையில் சேர்க்கவே இல்லை. அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஊசியை எடுக்கவே கூடாது. அவர் இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அதையும் யாரும் கேட்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரா, அண்மையில் மாரடைப்பு வந்ததா, கண் அழுத்த நோய் உண்டா, மறுபக்க நுரையீரலோ குரல் நரம்போ ஏற்கெனவே பழுதா என்று கேட்பது இந்த ஊசிக்கு அடிப்படை. (மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.)

ஊசி போட்ட விதம் இன்னும் மோசம். கைவிரலால் தடவிப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், அல்ட்ராசவுண்ட் இல்லை. அந்த இடத்தில் விரல் அகலத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனி, கழுத்துச் சிரை, தைராய்டு, உணவுக்குழாய், தைராய்டுக்குக் குறுக்கே வரும் சின்னத் தமனி, எலும்புத் துளைக்குள் நுழையப்போகும் முதுகெலும்புத் தமனி, கொஞ்சம் கீழே நுரையீரலின் உச்சி. முதுகெலும்புத் தமனிக்குள் ஊசி முனை போய்விட்டால் மருந்து நேரே மூளைக்குப் போகும். ஒரு மில்லிலிட்டர் அளவிலேயே வலிப்பு வந்துவிடலாம்.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும்? முதலில் கையில் ஐ.வி. லைன். இ.சி.ஜி., ரத்த அழுத்தம், விரலில் ஆக்சிஜன் கிளிப். அல்ட்ராசவுண்டில் ஆறாவது கழுத்தெலும்பைக் கண்டுபிடிப்பார்கள். அதன் முன்புறம் ஒரு முண்டு துருத்திக்கொண்டு தெரியும், ஏழாவதில் அது இருக்காது. கலர் டாப்ளரில் ரத்தக் குழாய்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு, மெல்லிய ஊசியை எலும்பை ஒட்டிய லாங்கஸ் கோலை தசையின் மேல் உறைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துவார்கள். உறிஞ்சிப் பார்த்து ரத்தம் வரவில்லை என்றால் அரை மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டர் மட்டும் விட்டுக் காத்திருப்பார்கள். “நாக்கில் உலோக ருசி தெரிகிறதா, காதில் ரீங்காரம் கேட்கிறதா?” என்று கேட்டுக் கேட்டு மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். ராணுவச் சோதனையில் போட்டது ரோபிவகெயின் என்ற மரத்துப்போகும் மருந்து, 0.5 சதம், 7 முதல் 10 மில்லிலிட்டர். அதாவது 35 முதல் 50 மில்லிகிராம். மருந்து ரத்தத்தில் ஏறி விஷமானால் கொடுக்க 20 சதக் கொழுப்புத் திரவம் அதே அறையில் இருக்க வேண்டும். இவருக்கோ அரைத்தூக்கத்தில் ஆழ்த்திவிட்டுத்தான் ஊசியே போட்டார்கள். உலோக ருசி தெரிந்திருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது. கண் விழித்திருக்கிற நோயாளியின் வாய்தான் இந்த ஊசியில் முதல் எச்சரிக்கை மணி.

எழுந்ததும் அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்கள். வலது இமை பாதி இறங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது, கண்மணி இடதைவிடச் சிறுத்திருந்தது, அந்தப் பக்க மூக்கு அடைத்திருந்தது. “பார்த்தீர்களா, வேலை செய்துவிட்டது!” என்றார்கள். எங்களுக்கு மிகவும் வேதனை தந்தது இதுதான். இதற்கு ஹார்னர் அறிகுறி என்று பெயர். தலைக்குப் போகும் பரிவு நரம்பை மருந்து எட்டிவிட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மனம் ஆறும் என்பதற்குச் சாட்சி அல்ல. பலன் தெரிந்தவர்களுக்கும் இமை இறங்கும், தெரியாதவர்களுக்கும் இறங்கும். சில மணி நேரத்தில் தானே ஏறிவிடும். இன்னொன்றும் உண்டு: இமை இறங்குவதைப் பார்த்த நோயாளிக்குத் தனக்கு உண்மையான ஊசிதான் போட்டார்கள் என்று தெரிந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையே சில நாள் அவரைத் தூக்கி நிறுத்தும். இந்த ஊசியைச் சோதிப்பது கடினமாக இருப்பதற்கும் விற்பது சுலபமாக இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பத் தயாரானார்கள். குரல் கம்மியிருந்தது. “சகஜம்” என்று சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். முதல் வாயிலேயே புரையேறி மூச்சு திணறியது. குரல் நரம்பும் மருந்தில் நனைந்து மரத்துப்போனால் குரல் கம்மும், விழுங்குவது மூச்சுக்குழாயில் இறங்கும். குரல் கம்முவது சகஜம் என்பது சரி. அப்போது வாயில் எதையும் கொடுக்கலாமா? குறைந்தது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கவனித்து, குரல் தெளிந்த பிறகு தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. வீட்டுக்கும் துணைக்கு ஒருவரோடுதான் அனுப்ப வேண்டும்.

பேக்கேஜில் இன்னொரு பக்கம் பாக்கி. அதை அன்றைக்கே, அரை மணி கழித்துப் போட்டுவிடலாம் என்று வற்புறுத்தியிருக்கிறார்கள். புரையேறிய பயத்தில் அவர் மறுத்துவிட்டார். மறுத்தது அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். ஒரு பக்கக் குரல் நரம்பு மரத்தால் குரல்தான் போகும். இரண்டு பக்கமும் மரத்தால் குரல்வளை நாண்கள் மூடிக்கொள்ளும், காற்றுக்கு வழியிருக்காது. மூச்சிழுக்கும் தசையை இயக்கும் உதரவிதான நரம்புக்கும் இதே கதிதான். ஒரே நாளில் இரண்டு பக்கமும் போடுகிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

ராத்திரி 9 மணிக்குக் கழுத்து இறுக்கிப் பிடித்தது. கிளினிக் எண்ணில் பதிவுசெய்த குரல்தான் பேசியது. அவசரப் பிரிவில் சி.டி. எடுத்ததில் தொண்டைக்குப் பின்னால் ரத்தக்கட்டு. சிறியதுதான், ஓர் இரவு கண்காணித்து அனுப்பினார்கள். இது பெரிதானால் மூச்சுக்குழாயை நெரித்துவிடும். 2006-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்த ஊசிக்குப் பின் இப்படி ரத்தம் கட்டிய 27 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். பலருக்குத் தொல்லை ஆரம்பித்ததே சில மணி நேரம் கழித்துத்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஒரு கருத்தாய்வு ஆயிரம் ஊசிக்கு 1.7 என்ற அளவில்தான் கடுமையான சிக்கல்களைக் கணக்கிட்டது. அபூர்வம்தான். ஆனால் அன்று இரவு கழுத்து வீங்கினால், விழுங்க முடியாமல் போனால், மூச்சு வாங்கினால், கிளினிக்கின் பதிலுக்குக் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புவது மருத்துவரின் கடமை. இவருக்கு அப்படி ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

மூன்று வாரம் கழித்து அழைத்து, “பரவாயில்லையா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும், “மறுபக்கம் போட்டால் சரியாகும்” என்றார்கள். முன்னால் எதையும் அளக்கவில்லை என்றால் பின்னால் எதை வைத்துப் ‘பரவாயில்லை’ என்று சொல்வது? பி.சி.எல்.-5 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. முன்னாள் படைவீரர் துறை இலவசமாகவே தருகிறது. 20 கேள்வி, மொத்தம் 80 மதிப்பெண். 31-33க்கு மேல் என்றால் பி.டி.எஸ்.டி. இருக்கலாம், முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். ஓரிரு புள்ளி இல்லை, கணிசமாகக் குறைந்தால்தான் வாழ்க்கையில் தெரியும் மாற்றம். ஊசிக்கு முன்பு ஒரு தடவை, பிறகு ஒரு வாரம், நான்கு வாரம், எட்டு வாரம் கழித்து என்று நீங்களே நிரப்பித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் இதைக் கேட்கவில்லை என்றால் அதன் அக்கறை எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆதாரம் வலுவாக உள்ள வைத்தியம் ஏற்கெனவே இருக்கிறது. அதிர்ச்சியைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை 8 முதல் 15 அமர்வு, எண்ணங்களைச் சீராக்கும் சிகிச்சை பொதுவாக 12 அமர்வு. மருந்தில் செர்ட்ரலினுக்கும் பராக்ஸெட்டினுக்கும் பி.டி.எஸ்.டி.க்கான எஃப்.டி.ஏ. ஒப்புதலே உண்டு. உடம்பு எப்போதும் உஷாராகவே இருந்து அந்த அமர்வில் உட்காரக்கூட முடியாதவருக்கு, ஊசி கொஞ்சம் மூச்சுவிட இடம் தரலாம். எங்கள் பார்வையில் இதன் நியாயமான இடம் அதுதான். மனநல மருத்துவரோடு ஒரு வார்த்தை பேசாமல் ஊசியை மட்டும் விற்பது அந்த இடத்தையும் பாழாக்குகிறது. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் ஊசி நாள் வரை காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் மனநல நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள், முன்னாள் படைவீரர் என்றால் அழைத்ததும் 1-ஐ அழுத்துங்கள்.

பண விஷயம். காப்பீடு இல்லாமல் கைக்காசு கட்டுபவருக்கு, எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து அங்கே சட்டம். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ ஏறினால், பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் முறையிடலாம். மதிப்பீடு இல்லாமல் கார்டு எண் கொடுக்காதீர்கள். பில்லில் இந்த ஊசிக்கான 64510 என்ற குறியீடு இருக்க வேண்டும். இவர் பில்லில் ‘வெல்னஸ் சேவை’ என்றுதான் இருந்தது. அதை வைத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு டாலர்கூடக் கேட்க முடியாது. பெற்றுக்கொள்ளாத சேவைக்கான தொகையை மறுத்துக் கார்டு நிறுவனத்துக்கு எழுத, ஸ்டேட்மென்ட் அனுப்பியதிலிருந்து 60 நாள்தான் அவகாசம். போடாத மறுபக்க ஊசிக்கு அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். மருத்துவப் பதிவேட்டை எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும்.

அவருக்கும் வந்தது. ஊசி போட்ட விவரம் மொத்தமே ஒன்றரை வரி: கழுத்தில் மரத்துப்போகும் மருந்து 10 மில்லிலிட்டர், நோயாளி நன்றாகத் தாங்கிக்கொண்டார். எந்த மருந்து, எத்தனை சதம், எந்தப் பக்கம், எந்த எலும்பு மட்டம், எதுவும் இல்லை. அல்ட்ராசவுண்ட் படமும் இல்லை. அந்த ஒன்றரை வரியையும் அன்றிரவு எடுத்த சி.டி. அறிக்கையையும் சேர்த்து மாநில மருத்துவ வாரியத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறார்.