விரை இறங்காத பையனுக்கு ஆபரேஷன்: நாங்கள் போன மருத்துவமனை எப்படி?

அக்கா பையனுக்கு இரண்டு விரையும் இறங்கவில்லை, குடலிறக்கமும் இருந்தது. முதலில் பார்த்த இடத்தில் வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தானாக இறங்குவது அபூர்வம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் கோவையில் ஒரு குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவமனைக்குப் போனோம். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்தால், உள்ளே சின்னதாக ஒரு கருப்பை! ஆண் கருவில் கருப்பையாக வளரக்கூடிய குழாயைக் கரைப்பது ஏஎம்எச் என்ற ஹார்மோனாம்; அது வேலை செய்யாவிட்டால் ஆண் குழந்தைக்கும் கருப்பை கரையாமல் நின்றுவிடுமாம். டாக்டரம்மா தாளில் படம் வரைந்தே விளக்கினார்: விரை பிடிமானமில்லாமல் தொங்குவதால் முறுக்கிக்கொள்ளலாம், வயிற்றிலேயே விட்டால் பின்னாளில் புற்றுநோய் அபாயம் கூடும், விந்துக்குழாய் கருப்பைச் சுவரை ஒட்டியே ஓடுவதால் அவசரப்பட்டு எதையும் வெட்டக் கூடாது.

"இவன் பையன்தான்மா, அதில் சந்தேகமே வேண்டாம்" என்று அக்காவிடம் சொன்னார் பாருங்கள், அதற்கே கும்பிடலாம். சொந்தத்தில் கட்டியதைக் குத்திக்காட்டாமல் மரபணுப் பரிசோதனை பற்றியும் பொறுமையாகச் சொன்னார். குறை என்றால் ஸ்கேன்தான், பாதி நாள் போய்விடும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.