பேய்க்கோட்டைக்கு டிக்கெட் எடுக்குமுன் கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள்

ஜூலை பள்ளி விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு "பேய்க்கோட்டை"க்குக் குடும்பத்தோடு போனேன். 1,950 ராண்ட் கொடுத்து, கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் உண்மையாகவே அடைபட்டுக் கிடந்தேன். டிசம்பர் விடுமுறைக்கு இப்போதே நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரி விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் எழுதுகிறேன். நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. அவர்களே பெயரை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. என் பிழைப்பே அலாரம், சிசிடிவி, கதவுப் பூட்டு மாட்டுவதுதான். கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்து பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். கடைக்குள் நுழைந்தாலே எக்ஸிட் போர்டு எங்கே என்று கண் தானாகத் தேடும். அன்றைக்கு மட்டும் அந்தக் கண் எங்கே போனது என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள்.

விளம்பரத்தில் மஞ்சள் சுவர் வைத்த பழைய கோட்டை ஒன்றின் படம். "350 வருட ஆவிகள். அரசர் அடைபட்ட அறை. ஒரு மணி நேரம் கைதியாக இருக்கத் தைரியம் உண்டா?" படத்தைப் பார்த்ததுமே என் அண்ணன் மகன், "சித்தப்பா, இது கேப்டவுன் கோட்டை. டச்சுக்காரங்க கட்டினது" என்றான். அவன் சொன்னது சரி. 1666இல் தொடங்கி 1679இல் முடித்த ஐந்து முனைக் கோட்டை அது. ஜூலு அரசர் செட்ஸ்வாயோவை 1879இல் பிடித்துக் கொண்டுபோய் அடைத்து வைத்ததும் அங்கேதான். டர்பனிலிருந்து சாலை வழியாக 1,600 கிலோமீட்டர். நம் ஊரில் பழைய கோட்டை என்றால் 1842இல் ஆங்கிலேயப் படை முற்றுகைக்குள் சிக்கிய அந்த ஓல்ட் ஃபோர்ட் ஒன்றுதான், அதற்கும் இந்த விளம்பரத்துக்கும் சம்பந்தம் இல்லை. முதல் பொய் அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் "சும்மா படம் போட்டிருப்பாங்க, உள்ள நல்லா இருக்கும்" என்று நானே சமாதானம் சொன்னேன்.

எங்கள் வீட்டு ஓனர் ஆயா டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். கிளம்பும்போது கேட்டின் அருகே நிறுத்தி, "காசு குடுத்துப் பேய் பாக்கவா போறீங்க? நம்ம ஆளுங்க காசு குடுத்துப் பேய் ஓட்டுவாங்கப்பா" என்றார். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

தலைக்கு 450 ராண்ட், நான்கு பேர். ஒருவர் தனியாகக் கைதியாக இருக்க விரும்பினால் "ஸ்பெஷல்" என்று இன்னும் 150. கார்டு வாங்க மாட்டோம், முன்கூட்டியே இஎஃப்டி, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்புவது மட்டும் என்றார்கள். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லிச் சண்டை போட ஒரு வழியாவது இருக்கும். நாமே அனுப்பிய இஎஃப்டியைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

"கோட்டை" ஒரு தொழிற்பேட்டையில் டயர் கடைக்கும் டைல்ஸ் கிடங்குக்கும் நடுவில் இருந்த தகர ஷெட். உள்ளே பிளைவுட் தடுப்பு, அதன்மேல் தெர்மாகோலைக் கல் மாதிரி வெட்டி ஒட்டிச் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். கூரையிலிருந்து கறுப்புத் துணி தொங்கியது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கவுன்டரில் இருந்த பெண் நான்கு பக்கப் படிவம் நீட்டினாள். எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. போன்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டாள். போனைக் கொடுத்தது நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

விளையாட்டு இப்படி. கைதி அறைக்குள் நான். வெளிப்பக்கம் தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டு. பக்கத்து அறையில் மனைவி, மகள், அண்ணன் மகன் மூவரும் புதிர்களை விடுவித்து, நம்பர் அடித்தால் திறக்கும் ஒரு எலக்ட்ரானிக் பெட்டியிலிருந்து சாவியை எடுத்து வந்து என்னைத் திறந்துவிட வேண்டும். அதுவரை நான் "கோட்டையைச் சுற்றிப் பார்க்கலாம்".

சுற்றிப் பார்க்க இருந்தது இவ்வளவுதான். குனிந்து போகிற ஒரு பொந்து, அதன் மறுபக்கம் மெழுகுவர்த்தி பல்ப் வைத்த ஒரு சின்ன ஜெப அறை, அங்கிருந்து ஏழு படி. ஏழாவது படியில் ஏறினால் நேராகச் சுவர். தலையில் முட்டிக்கொண்டேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், பயம் வந்தது. யாரோ கூடவே நடக்கிற மாதிரி இருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. ஜெப அறையில் பின்கழுத்தில் ஈரமாக, சில்லென்று ஒரு விரல் பட்டது. திரும்பினால் வெறும் பிளைவுட்.

என் மூளை உடனே காரணம் தேடியது. 1998இல் விக் டாண்டி என்ற இங்கிலாந்துப் பொறியாளர் எழுதியது எங்கள் தொழில்காரர்களிடையே அடிக்கடி பேசப்படும். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அவருக்கும் வேறு சிலருக்கும் ஏதோ பக்கத்தில் இருக்கிற மாதிரி தோன்றியதாம். தேடிப் பார்த்தால் புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன். காதுக்குக் கேட்காத, சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு அதிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார். இந்த ஷெட்டிலும் கூரையில் ஒரு பெரிய ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது. சரி, ஃபேன் வேலைதான் என்று தேற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் கரண்ட் போனது.

லோட் ஷெட்டிங் ஓய்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறோம், ஆனால் கேபிள் திருட்டு ஓயவில்லையே. மெழுகுவர்த்தி பல்ப் அணைந்தது. பேட்டரியில் எரிய வேண்டிய எமர்ஜென்சி லைட் ஒன்றுகூட எரியவில்லை. ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. ஆனால் அந்த "கூட யாரோ" உணர்வு மட்டும் நிற்கவில்லை. கும்மிருட்டில் உட்கார்ந்து கேட்டேன். மூச்சுச் சத்தம். நான் மூச்சை அடக்கினால் ஒரு நொடி கழித்து அதுவும் அடங்கியது. அப்புறம் ஒரு வாசனை. ஆறிப்போன சிப்ஸில் ஊற்றிய வினிகர் வாசனை.

பேய் வினிகர் ஊற்றிச் சாப்பிடாது என்று தோன்றியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. "யாருப்பா?" என்று தமிழில்தான் கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில். பிளைவுட்டுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "சார், பயப்படாதீங்க. நான்தான் பேய்."

செட்ஸ்வாயோவின் தலைநகராக இருந்த உலுந்தி பக்கத்திலிருந்து வந்த இருபது வயதுப் பையன். இரண்டு தடுப்புகளுக்கு நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கிற அளவு சந்து அவனுடைய இடம். ஓட்டை வழியாக மூச்சு விடுவதும், குச்சியில் கட்டிய ஈரக் கையுறையால் கழுத்தைத் தொடுவதும்தான் வேலை. அந்தச் சந்துக்கும் ஒரே கதவு, அதுவும் வெளியே தாழ் போட்டிருந்தது. பேய் நடுவில் வெளியே வந்து வாடிக்கையாளர் பார்த்துவிடக் கூடாதாம். காலை பத்து முதல் இரவு எட்டு வரை, நாளுக்கு 150 ராண்ட், அதையும் மூன்று வாரமாகத் தரவில்லை என்றான். 2025 மார்ச்சில் இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 28.79 ராண்ட் என்று நிர்ணயித்தார்கள். இவனுக்கு மணிக்கு 15 விழுகிறது, காகிதத்தில். அடைபட்ட அரசர் வேடம்கூட அவனுக்குக் கொடுத்தார்களாம். "எங்க ஊர் ராஜாவா இருக்கச் சொல்றாங்க, சாப்பாட்டுக்குக் காசு இல்ல" என்று சொல்லிச் சிரித்தான். முகம் தெரியாததால் அது சிரிப்பா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை.

தாழ்ப்பாளின் கதையையும் அவன்தான் சொன்னான். முதலில் எல்லாக் கதவிலும் மேக்னெட் லாக்தான் இருந்ததாம். அதைப் பற்றி நான் சொல்கிறேன். சாதாரண மேக்னெட் லாக் ஒன்று 280 கிலோ இழுவையைத் தாங்கும், ஆனால் அதற்கு வருகிற கரண்ட் நின்றால் குழந்தை தள்ளினாலும் கதவு திறந்துகொள்ளும். அதனால்தான் ஆட்கள் இருக்கிற இடத்தில் அதை மாட்டுகிறோம். முதலாளிக்கு அதுவே குறையாகப் பட்டிருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் கைதிகள் வெளியே வந்துவிடுகிறார்கள், ஆட்டம் கெடுகிறது, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று கைதி அறைக்கும் பேய்ச் சந்துக்கும் மட்டும் இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி அடித்துவிட்டார்.

வெளியே என் குடும்பம் பட்ட பாடு வேறு. அவர்கள் அறையில் மேக்னெட் லாக் மிச்சம் இருந்ததால் கதவு தானாகத் திறந்துவிட்டது. ஆனால் என் பூட்டுச் சாவி எலக்ட்ரானிக் பெட்டிக்குள். கரண்ட் இல்லாமல் பெட்டி செத்துக் கிடந்தது. மாற்றுச் சாவி முதலாளியிடம். அவர் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கப் போயிருந்தார். கவுன்டர் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள், அவளைத் தேற்றியது என் பதினோரு வயது மகள். கடைசியில் அண்ணன் மகன் சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரை எடுத்துப் பெட்டியை ஓங்கி அடித்து உடைத்துச் சாவியை எடுத்தான். நான் வெளியே வந்ததும் முதல் வேலையாக, அடுத்த தாழ்ப்பாளை இழுத்துப் பையனை வெளியே விட்டேன். கையுறை இன்னும் அவன் கையில் இருந்தது. பிறகு அந்த சிலிண்டரின் சீட்டைப் பார்த்தேன். வருடா வருடம் சர்வீஸ் செய்ய வேண்டியது. கடைசியாகச் செய்தது 2019இல்.

முதலாளி கேனோடு வந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. உடைந்த பெட்டிக்கு 600 ராண்ட் கேட்டார்! நான் முழுப் பணத்தையும் கேட்டேன். "நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று படிவத்தை ஆட்டினார், பிறகு இன்னொரு நாள் வரலாம் என்று ஒரு வவுச்சர் நீட்டினார். வாங்கவில்லை. அன்று இரவே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்து பின்வாங்காதீர்கள். 2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68, இருக்கிறது. பொறுப்புத் துறப்பு என்றால் எளிய மொழியில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 49. அப்பட்டமான அலட்சியத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கவே முடியாது என்கிறது பிரிவு 51. விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது, படிவம் மூன்றையும் வைத்து தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன். நகராட்சித் தீயணைப்புப் பிரிவுக்குத் தனியாக ஒரு கடிதம். பையன் தன் கூலிக்காகத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனான், நானும் கூடப் போனேன்.

வெறும் நாற்பது நிமிடத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று என் மைத்துனன் கேட்டான். 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் பேய்க்கோட்டை எரிந்து எட்டு விடலைப் பிள்ளைகள் செத்தார்கள். 17 டிரெய்லர்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த தற்காலிகக் கட்டடம் அது, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் இல்லை. 2019 ஜனவரியில் போலந்தின் கோஷாலின் ஊரில் எஸ்கேப் ரூம், அதாவது இதே மாதிரி புதிர் விடுவித்து வெளியே வருகிற விளையாட்டு அறை ஒன்று தீப்பிடித்தது. பிறந்தநாள் கொண்டாடப் போன ஐந்து பெண்கள், எல்லோருக்கும் 15 வயது, வெளியே வர முடியாமல் இறந்தார்கள். நான் அடைபட்ட ஷெட்டிலும் பிளைவுட், தெர்மாகோல், துணி. அந்த முதலாளி பெட்ரோல் கேனோடு உள்ளேயே நடந்து வந்தார். மைத்துனன் அதற்கப்புறம் பேசவில்லை.

எல்லா எஸ்கேப் ரூமும் இப்படி இல்லை. நான் பூட்டு மாட்டிக் கொடுத்த இடங்களே இரண்டு உண்டு, உள்ளிருந்து அழுத்தினால் திறக்கிற பச்சைப் பெட்டி ஒவ்வொரு கதவருகிலும் இருக்கும். போகிறவர்கள் பணம் கட்டுமுன் நேரில் போய், "கரண்ட் போனால் கதவு என்னாகும், மெயினை ஆஃப் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். மழுப்பினால் வண்டியைத் திருப்புங்கள். போனைக் கொடுக்காதீர்கள், சைலன்ட்டில் போட்டுப் பாக்கெட்டில் வையுங்கள். உள்ளே நடிக்கிற ஆட்கள் எந்தக் கதவு வழியாக வெளியே வருவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள், அதை யாரும் கேட்பதில்லை.

போன வாரம் அதே மஞ்சள் கோட்டைப் படம் வேறு பெயரில் வந்திருக்கிறது. இந்த முறை தலைக்கு 520 ராண்ட். உள்ளே எடுத்த படம் ஒன்றும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் மகன் பெரிதாக்கிக் காட்டினான். கைதி அறைக் கதவில் அதே தாழ்ப்பாள், பார்க்கப் பழமையாக இருக்கட்டும் என்று தங்க நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.