நுண்பாய்ம எரிபொருள் கலம்: காற்று சுவாசிக்கும் கேத்தோடா, ஊடுபாயும் மின்முனையா?

எரிபொருளின் வேதிவினையிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுப்பது எரிபொருள் கலம். இந்த வகையில் மெல்லிய கால்வாயில் இரு திரவங்கள் கலக்காமல் ஒட்டியே ஓடுவதால், அவற்றைப் பிரிக்கும் சவ்வு வேண்டாம். ஆனால் மின்முனையை ஒட்டிய படலத்தில் வினைபொருள் சட்டென்று தீர்ந்துவிடும். அங்கேதான் மின்னோட்டம் முட்டி நிற்கிறது.

வினைபொருள் வரத்து
காற்று கேத்தோடு (2005, இல்லினாய் பல்கலைக்கழகம்): கேத்தோடு (ஆக்சிஜன் வினைபுரியும் மின்முனை) ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே எடுக்கும்; ஆக்சிஜன் நீரைவிடக் காற்றில் சுமார் 10,000 மடங்கு வேகமாகப் பரவும். ஆனால் எரிபொருளான ஃபார்மிக் அமிலம் ஓடும் எதிர் மின்முனையில் (ஆனோடு) பழைய தட்டுப்பாடு அப்படியே இருக்கும்.
ஊடுபாயும் மின்முனை (2008, கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம்): வனேடியம் என்ற உலோகத்தின் கரைசல் கார்பன் தாளின் இழைகளுக்குள் புகுந்தே போகிறது; இரு முனைக்கும் பலன். உள்ளே போகும் ஊதாக் கரைசல் (எரிபொருள்) பச்சையாகவும், மறுமுனையின் மஞ்சள் கரைசல் நீலமாகவும் மாறி வெளிவரும். எவ்வளவு எரிபொருள் பயன்பட்டது என்பதை நிறமே காட்டிவிடும்; எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

செலவு
காற்று: பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த வினையூக்கிகள்.
ஊடுபாய்வு: வெறும் கார்பன் போதும்.

சிரமம்
காற்று: துளைகளில் திரவம் ஏறி அடைத்துக்கொள்ளலாம்.
ஊடுபாய்வு: ஊதாக் கரைசலில் காற்று படவே கூடாது, தள்ளுவதற்கு அழுத்தமும் கூடுதல்.

கையடக்கக் கருவிக்குக் காற்று கேத்தோடு. ஆய்வகத்தில் எரிபொருளை வீணாக்காமல் அதிகத் திறன் எடுக்க ஊடுபாயும் மின்முனை.