கையில் தூக்கிப் போகும் ஒரு யூனிட்: வாடகை வீட்டுக்கு எந்தப் பவர் ஸ்டேஷன்?

சொந்த வீடு, இன்வெர்ட்டர் லைன் ஏற்கெனவே இழுத்திருக்கிறது, பேட்டரி வைக்கக் காற்றோட்டமான மூலையும் இருக்கிறது என்பவர்கள் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் (லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டியில்) வாங்க வேண்டியதில்லை. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் சைன் வேவ் இன்வெர்ட்டரும் இந்த லித்தியம் பெட்டியின் பாதி விலைக்குள் முடிந்துவிடும். பதினோரு மாத அக்ரிமென்ட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் இது. ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டிய வீட்டில் தனி லைன் இழுக்க முடியாது. 50 கிலோவுக்கு மேல் இருக்கும் ஆசிட் பேட்டரியை லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு ஏற்றி, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பராமரித்து, வீடு மாறும்போது மறுபடி இறக்குவது பெரிய பாடு.

இன்னொரு காரணமும் உண்டு, அது சென்னைக்கே உரியது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். தரையில் வைத்த இன்வெர்ட்டர் பேட்டரி அந்த நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கும். 12 கிலோ பெட்டியைக் கைப்பிடியோடு பிடித்து மாடிக்குக் கொண்டு போய்விடலாம். தரைத்தளக் குடித்தனத்துக்கு இந்த ஒரு வசதியே கூடுதல் விலைக்கு நியாயம் சொல்லும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் 80,000 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை செல்லின் வோல்டேஜால், அதாவது 3.2-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 256 வாட் அவர். ஆயிரம் வாட் அவர் ஒரு யூனிட் என்பதால், இ.பி. கணக்கில் கால் யூனிட். ஈகோஃப்ளோ ரிவர் 2 இந்த அளவு: மூன்றரை கிலோ, 300 வாட் வரை கொடுக்கும். ஒய்ஃபை, லேப்டாப், போன் இவற்றுக்கு அருமையான பொருள். வீட்டு பேக்கப் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வேண்டியது ஒரு யூனிட் அளவு. ஈகோஃப்ளோ டெல்டா 2 (1024 வாட் அவர், 1800 வாட், 12 கிலோ), புளூட்டி ஏசி180 (1152 வாட் அவர், 1800 வாட், சுமார் 16 கிலோ), ஜாக்கரி எக்ஸ்ப்ளோரர் 1000 வி2 (1070 வாட் அவர், 1500 வாட், 11 கிலோவுக்குள்) மூன்றும் இந்த வகுப்பு. மூன்றிலும் உள்ளே இருப்பது எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். டெல்டா 2-க்கு 3000 முறை சார்ஜ் செய்து தீர்த்த பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. ஜாக்கரியில் மட்டும் பெயரைக் கவனித்து வாங்குங்கள். வி2 என்று போடாத பழைய எக்ஸ்ப்ளோரர் 1000-இல் இருப்பது வேறு ரசாயனம்; அதன் கணக்கு வெறும் 500 சுற்றுதான். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி என்று காட்டினால் விட்டுவிடுங்கள்.

இனி நிஜத்தில் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். 1024 வாட் அவரில், பேட்டரி கரண்டை 230 வோல்ட்டாக மாற்றும்போது பத்து சதவீதம் போய்விடும், 920 வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. பட்டனை, அதாவது 230 வோல்ட் சாக்கெட்டுகளுக்கான பட்டனை அழுத்தியதுமே, ஒன்றும் செருகாவிட்டாலும், உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் 15 வாட் அளவுக்குத் தானே தின்னும். சாதாரண மின்விசிறி 75 வாட். இரண்டு விசிறி, ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் 15 வாட், இரண்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு, பெட்டியின் சொந்தச் செலவு எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 200 வாட். நாலரை மணி நேரம் ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுப்பார்கள். ஒன்றரை மணிக்கே பெட்டி படுத்துவிடும். அதே வீட்டில் விசிறிகள் பி.எல்.டி.சி. எனப்படும் குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வகையாக இருந்தால் ஒன்றுக்கு 30 வாட்தான். மொத்தம் 108 வாட், எட்டரை மணி நேரம். சுமார் மூவாயிரம் ரூபாய் விசிறி இரண்டு மாற்றினால், பெட்டி இரண்டு மடங்கு ஆனதுபோல. ஆகவே 2 யூனிட் மாடலுக்கு ஆசைப்படும் முன் விசிறியை மாற்றுங்கள்.

இங்கே கடைக்காரர் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. சீலிங் ஃபேனுக்கு பிளக் கிடையாது! ஒயர் நேராகக் கூரையில் பதித்த இணைப்புப் பெட்டியான சீலிங் ரோஸுக்குள் போகிறது. பெட்டியில் செருக வழியில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து அந்த ஒரு ஃபேனை மட்டும் லைனிலிருந்து பிரித்து, மூன்று பின் டாப் போட்டு, பக்கத்தில் ஒரு சாக்கெட் வைக்கச் சொல்லலாம். காலி செய்யும்போது பழையபடி மாற்றிக் கொடுத்துவிடலாம். அதற்கும் அனுமதி இல்லையென்றால் பி.எல்.டி.சி. பெடஸ்டல் ஃபேன் வாங்குவது உத்தமம். இரண்டு முனையிலும் பிளக் போட்ட ஒயரைப் பெட்டியிலிருந்து சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் ஏற்றும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வெளியே கம்பத்துக்குப் போகும். கம்பத்தில் ஏறியிருக்கும் இ.பி. ஊழியரின் உயிருக்கு ஆபத்து. கரண்ட் திரும்பி வந்தால் பெட்டியும் புகைந்துவிடும்.

ரூட்டருக்கு ஏ.சி. சாக்கெட்டைப் பயன்படுத்தாதீர்கள். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. பெட்டியின் 12 வோல்ட் டி.சி. முனையிலிருந்து நேராகக் கொடுத்தால் கால் யூனிட் பெட்டியே இருபது மணி நேரம் பக்கம் தாங்கும்; அடாப்டரை ஏ.சி.யில் செருகினால் பதினோரு மணி நேரத்தைத் தாண்டாது. அடாப்டரில் அச்சடித்த வோல்டேஜும் பெட்டியின் டி.சி. வோல்டேஜும் ஒன்றா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். ராத்திரியில் ரூட்டர் காரணமில்லாமல் அணைகிறது என்ற புகார் அடிக்கடி வரும். பெட்டியில் பழுது இருக்காது. லோடு மிகக் குறைவாக இருந்தால் யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துத் தானே அணைத்துக்கொள்ளும் செட்டிங் அது. போனில் இருக்கும் கம்பெனி ஆப்பில் போய் எடுத்துவிட வேண்டும்.

சமையலறைக்கு வருவோம். சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும்போது 100 வாட் பக்கம், விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி 50 வாட். தனியாகக் கொடுத்தால் ஒரு யூனிட் பெட்டி 14 மணி நேரம் தள்ளும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். 300 வாட் பெட்டி அங்கேயே ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டரில் அரை மணி நேரம் மாவு ஆட்ட 75 வாட் அவர்தான், தாராளமாக ஆட்டலாம். 750 வாட் மிக்ஸியும் ஓடும்; குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு ஓடினாலும் அரை மணியில் பெட்டி காலி. ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டார் கிளம்பும்போது ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் கேட்கும், அதை மறந்துவிடுங்கள். ஒன்றரை டன் ஏ.சி.யும் அப்படியே. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: 5 லிட்டர் மெஷின் 350 வாட் எடுக்கும், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. நிரம்பிய சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

சார்ஜ் ஏற்றுவதில்தான் சென்னை வீடுகளில் கோளாறு அதிகம். டெல்டா 2 முழு வேகத்தில் 1200 வாட் இழுக்கும். அது 5 ஆம்பியருக்கு மேல். பழைய ஃபிளாட்டின் 6 ஆம்பியர் சாக்கெட், தளர்ந்த பித்தளைப் பட்டையோடு, அரை மணி நேரத்திலேயே கைவைக்க முடியாத அளவு சூடாகும். பிளக் டாப்பின் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். யுனிவர்சல் அடாப்டர் நடுவில் இருந்தால் இன்னும் மோசம். ஆப்பில் சார்ஜிங் வேகத்தை 300, 400 வாட்டுக்குக் குறைத்துவிட்டால் மூன்று மணி நேரத்தில் நிம்மதியாக ஏறும். அபார்ட்மென்ட் ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு 500 அல்லது 1000 வாட் என்று அளந்துதான் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் பெட்டி முழு வேகத்தில் சார்ஜ் ஏறினால் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்து மொத்த வீடும் இருட்டாகும். எனவே இந்தக் குறைந்த வேகத்தையே நிரந்தரமாக வைத்திருங்கள்.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. எல்.எஃப்.பி. செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாத மதியம் மொட்டை மாடித் தகர ஷெட்டிலோ, வெயிலில் நிறுத்திய கார் டிக்கியிலோ அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். பெட்டி தானே நின்றுவிடும், ஆனால் திரும்பத் திரும்ப அப்படி வைத்தால் ஆயுள் குறையும். பரணில் துணி மூட்டைக்கு நடுவே வைத்து இயக்கவும் கூடாது; இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் வேண்டும்.

சோலார் பேனல் சேர்ப்பவர்கள் வாட்டைப் பார்க்கும் முன் வோல்டேஜைப் பாருங்கள். பேனலின் பின்புற லேபிளில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் என்று ஓர் எண் இருக்கும். ரிவர் 2 தாங்குவது 30 வோல்ட் வரைதான். 335 வாட் வீட்டுப் பேனல் 45 வோல்ட்டைத் தாண்டும். அதை இணைத்தால் உள்ளே இருக்கும் சார்ஜர் போய்விடும், வாரன்ட்டியும் கிடைக்காது. 12 வோல்ட் வகை 100 வாட் பேனல் ஒன்று 22 வோல்ட் அளவு, சரியாகப் பொருந்தும். இரண்டை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக, வோல்டேஜ் கூடும்) போட்டால் 44 ஆகிவிடும், பேரலலில்தான் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட வேண்டும். டெல்டா 2, ஏசி180 இரண்டும் 60 வோல்ட் வரை வாங்கும் என்பதால் பெரிய பேனல் ஒன்றையே போடலாம். அடைமழை நாளில் 100 வாட் பேனலில் பத்து, இருபது வாட் வந்தால் அதிகம். 2016 வர்தா புயலில் மரமும் கம்பமும் சாய்ந்தது போன்ற நிலைமையில்தான் பேனல் காப்பாற்றும்: புயல் கடந்ததும் வெயில் வந்துவிடும், கரண்ட் வர நாளாகும்.

வெளியூர் பயணத்துக்கு ஒரு யூனிட் பெட்டி தாராளம். கார் சார்ஜிங் சாக்கெட்டிலிருந்து சுமார் 100 வாட் ஏறும். ஏலகிரி போய்ச் சேரும் நாலு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 400 வாட் அவர் சேர்ந்துவிடும். ஈ.சி.ஆர். கடற்கரைக்குக் கொண்டு போனால் மணலில் வைக்காதீர்கள். குளிர்விக்கும் சின்ன ஃபேன் மணலையும் உப்புக் காற்றையும் உள்ளே இழுக்கும், முதலில் யூ.எஸ்.பி. முனைகள் பச்சை பூக்கும். விமானத்தில் 160 வாட் அவருக்கு மேற்பட்ட பேட்டரியை ஏற்ற மாட்டார்கள்.

வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். முழு சார்ஜ் ஏற்றி, மீட்டர் வழியாக இரண்டு 100 வாட் குண்டு பல்புகளைப் பெட்டி தானாக அணையும்வரை எரிய விடுங்கள். 1024 வாட் அவர் பெட்டி என்றால் மீட்டரில் 850 பக்கம் வர வேண்டும். 700-க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்வது நல்லது. எல்.எஃப்.பி. செல்லின் வோல்டேஜ் நடுவில் அவ்வளவாக மாறாது என்பதால் சதவீதக் காட்டி நாளடைவில் தடுமாறும். 20 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும். முழுதாகத் தீர்த்து முழுதாக ஏற்றினால் சரியாகும். பயன்படுத்தாத காலத்தில் 50, 60 சதவீதத்தில் வையுங்கள்.

வெளிநாட்டு மாடல் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வெளியீடா என்று ஸ்டிக்கரில் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் பெட்டி நம் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் உதவாது. பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்றும் கேளுங்கள். இவ்வளவு பெரிய லித்தியம் பேட்டரியைச் சாதாரண கூரியரில் எடுக்கத் தயங்குவார்கள். கம்பெனி அனுப்பிய அட்டைப்பெட்டியையும் உள்ளிருந்த நுரை அச்சையும் வாரன்ட்டி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்; பழுதுக்கு அனுப்பும்போது அதிலேயே வைத்துத் தரச் சொல்வார்கள்.