பெயர் தெரியாத தொட்டிச் செடி: செயலியை நம்புவதா, நர்சரிக்காரரைக் கேட்பதா, நாமே பார்ப்பதா?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வளரும் செடிகளில் பல பெயரோடு வந்து சேர்வதில்லை. வீடு மாறிப் போகிறவர்கள் தாழ்வாரத்தில் விட்டுச்செல்லும் தொட்டி, சீனப் புத்தாண்டுக்கு அலுவலகத்தில் கொடுத்த செடி, சமூகத் தோட்டத்தில் தெரிந்தவர் ஒடித்துத் தந்த கிளை என்று வந்தவை எல்லாம் பேர் ஊர் தெரியாமலே தழைத்துக்கொண்டிருக்கும். எங்கள் தளத்தில் குடிமாறிய குடும்பம் விட்டுச்சென்ற ஒரு தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவைக்க நினைத்தபோது, அது இன்ன செடி என்று தெரிந்தாக வேண்டிய கட்டாயம் எனக்கு ஏற்பட்டது. வீட்டில் பூனை இருக்கிறது. இலையைக் கடித்துப் பார்ப்பதில் அதற்குத் தனி விருப்பம் உண்டு. 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள்வரை வளர்க்க அனுமதி இருப்பதால், இதே கட்டாயம் இன்று பல வீடுகளுக்கு இருக்கக்கூடும்.

தண்டுபோல் நிமிர்ந்து நிற்கும் தடித்த காம்புகளில் இருபுறமும் வரிசையாகப் பளபளக்கும் சிற்றிலைகளைக் கொண்ட செடி அது. அதற்குப் பெயர் கண்டுபிடிக்க என் முன் இருந்த வழிகள் நான்கு: கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடல், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற ஆர்வலர் தளம், தாம்சன் சாலையிலோ சுங்கை தெங்காவிலோ உள்ள நர்சரி, பிளாண்ட்நெட் செயலியில் கிடைக்கும் பெயர்களைத் தேசியப் பூங்காக் கழகத்தின் ‘ஃபுளோரா அண்ட் ஃபானா வெப்’ தரவுத்தளத்தில் வைத்துச் செடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நான்காவதைத்தான் தேர்ந்தெடுத்தேன், இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

படத்தேடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கிறது, காசு கேட்பதில்லை, நொடியில் விடை வருகிறது. செம்பருத்தி, காகிதப்பூ போன்று பூத்து நிற்கும் பொதுவான செடிகளுக்கு அதுவே போதும். ஆனால் அது முதன்மையாகச் செய்வது உருவ ஒற்றுமை பார்ப்பதுதான். உங்கள் படத்தைப் போலிருக்கும் படங்களை இணையத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்துகிறது. அவற்றில் பல செடி விற்கும் கடைகளின் படங்களாக இருக்கும். கடைக்காரர் ஒட்டிய தவறான பெயரும் கூடவே வந்துவிடும். ஏன் அந்தப் பெயர் என்பது அந்தப் படங்களிலிருந்து தெரிவதில்லை.

ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் முதுநிலைத் திட்டமாகத் தொடங்கியது. காட்டிலும் வெளியிலும் தானாக வளரும் உயிரினங்களுக்கு அதற்கு இணையான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. புக்கிட் தீமா காட்டில் பார்த்த பெரணிக்கு அங்கே போங்கள். தொட்டிச் செடிக்கு அது பொருந்தாததற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. மனிதர் நட்டு வளர்த்தவை என்று குறிக்கப்படும் பதிவுகள் ‘ஆய்வுத்தரம்’ என்ற தகுதியைப் பெறாமல் தனி வகையில் ஒதுக்கப்படுகின்றன. அடையாளம் சொல்ல வருகிற ஆர்வலர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அருகில் எவை பதிவாகியுள்ளன என்பதையும் பார்த்தே அது பெயர்களை முன்வைக்கிறது. ஆப்பிரிக்காவிலும் மெக்சிகோவிலும் பிறந்து சிங்கப்பூர் வரவேற்பறையில் நிற்கும் செடிகளுக்கு அந்த வடிகட்டியால் பயனில்லை. அதை நீக்கிவிட்டுத் தேடினால்தான் ஓரளவு உதவும்.

நர்சரிக்குப் போவதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பல ஆண்டுகளாகச் செடிகளோடு புழங்கும் அங்கிள்களுக்கு, எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எந்த மண்ணில் நீர் தேங்கும், எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்பதெல்லாம் கைவந்த கலை. செடி வாடுகிறது என்றால் முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வது வணிகப் பெயர். ‘பணமரம்’ என்ற பொருளில் மாண்டரினில் ஒரு செடியும், ஆங்கிலத்தில் வேறொரு செடியும் விற்பனையாகின்றன. நம்மவர்கள் மணி பிளான்ட் என்று சொல்லும் கொடி மூன்றாவது. நல்ல சகுனம் பார்த்து வாங்குகிறவருக்கு இது ஒரு பொருட்டல்ல. நஞ்சுள்ள செடியா என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகர முடியாது.

இந்த நான்கையும் தரம் பிரிக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான் என்பது என் கருத்து. வேகமோ விலையோ அல்ல. கிடைத்த விடையைக் கையில் இருக்கும் செடியிலேயே சரிபார்க்க முடிகிறதா என்பதுதான்.

பிளாண்ட்நெட் இந்த இடத்தில்தான் முன்னே நிற்கிறது. பிரான்சின் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி 2013இல் வெளியிட்ட இந்தச் செயலி இலவசமானது. படம் இலையுடையதா, பூவுடையதா, காயுடையதா, பட்டையுடையதா என்று குறிக்கலாம். ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். அது ஒற்றைப் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. ஒரு பட்டியலைத் தந்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விழுக்காட்டையும், அந்தச் செடியின் இலை, பூ, காய்ப் படங்களையும் அருகில் வைக்கிறது. அந்த விழுக்காட்டைத் தேர்வு மதிப்பெண் போல எடுத்துக்கொள்ளக்கூடாது. அதற்குத் தெரிந்த செடிகளுக்குள் எது நெருக்கம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எனக்குப் பயன்பட்டது பட்டியல்தான்: முதல் பெயர் என்ன என்பதைவிட, எந்த இரண்டு பெயர்களுக்கு இடையே குழப்பம் வரக்கூடும் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

என் பட்டியலில் இரண்டு பெயர்கள் நின்றன. ஒன்று இசட்இசட் செடி என்று கடைகளில் விற்கும் ஸாமியோகுல்காஸ்; மற்றொன்று அட்டைப்பனை என்ற பொருளில் விற்கப்படும் ஸாமியா ஃபர்ஃபுரேசியா. முதலாவது கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, சேம்பின் குடும்பம். இலை ஸாமியாவை ஒத்திருப்பதாலேயே அதற்கு அந்தப் பெயர் வந்தது. இரண்டாவது மெக்சிகோவைச் சேர்ந்த, பனைபோல் தோன்றினாலும் பனையல்லாத சைக்கஸ் வகை. பூக்கவே பூக்காது, கூம்புதான் விடும். வேறுபாடு வெறும் தாவரவியல் நுணுக்கம் அல்ல. ஸாமியோகுல்காஸைப் பூனை கடித்தால், அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகளால் வாயும் நாக்கும் எரியும், எச்சில் வடியும், வாந்தி வரலாம்; பெரும்பாலும் அதோடு போய்விடும். ஸாமியாவில் இருக்கும் சைக்கஸின் என்னும் நச்சு கல்லீரலைத் தாக்கும், உயிரையே பறிக்கக்கூடும்.

இனிச் சரிபார்ப்புக்கு வருவோம். ஒரு சிற்றிலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நடுவே ஒரு நரம்பு ஓடி, அதிலிருந்து கிளை நரம்புகள் பிரிந்தன. ஸாமியாவின் சிற்றிலையில் நடுநரம்பு கிடையாது; அடியிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். விளிம்பை விரலால் தடவினால் வழுவழுவென்று போயிற்று. ஸாமியாவில் நுனியை நெருங்கும்போது சிறு பற்கள் தட்டுப்படும், இளம் இலைகளில் பழுப்பு நிறச் சுணை அப்பியிருக்கும், காம்பில் முள்ளும் இருக்கும். என் தொட்டியில் காம்பின் அடிப்பகுதி நீர் நிறைந்து உப்பியிருந்தது. புதிய குருத்து ஈட்டிபோல் மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளிவந்து, சிற்றிலைகளை ஒட்டிப் பிடித்தபடி நின்றது. மண்ணைச் சற்றே ஒதுக்கியபோது உருளைக்கிழங்கு நிறத்தில் கிழங்கு தெரிந்தது. கிழங்கை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, ஏனெனில் ஸாமியாவின் அடித்தண்டும் மண்ணுக்குள் பருத்திருக்கும். மற்ற அடையாளங்கள் எல்லாம் ஒரே பக்கம் நின்றதால், ஸாமியோகுல்காஸ் என்பதில் எனக்கு ஐயமில்லை. இவற்றில் பெரும்பாலானவை மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் விழவே விழாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேசியப் பூங்காக் கழகத்தின் தரவுத்தளம் இதில் செய்யும் வேலை பெரியது. செடியின் வேறு பெயர்கள், பிறந்த இடம், வெயிலும் நீரும் எவ்வளவு வேண்டும் என்பவை ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன; அவை நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப எழுதப்பட்டவை. வேறு பெயர்கள் என்ற பகுதியை அலட்சியம் செய்ய வேண்டாம். பாம்புச்செடி என்று பலர் வீட்டில் நிற்கும் சான்சிவீரியாவை 2017க்குப் பிறகு டிரசீனா இனத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு செயலி பழைய பெயரையும் இன்னொன்று புதிய பெயரையும் காட்டினால், இரண்டும் ஒரே செடிதான்.

மணி பிளான்டையும் இதய வடிவ இலை கொண்ட ஃபிலோடென்ட்ரானையும் எடுத்துக்கொண்டால் இந்த முறையின் பலம் இன்னும் தெளிவாகும். படத்தில் இரண்டும் அண்ணன் தம்பிதான். மணி பிளான்டின் இலைக்காம்பில் மேற்புறம் ஒரு பள்ளம் நீளவாக்கில் ஓடும். நகத்தை வைத்தால் தெரியும். ஃபிலோடென்ட்ரான் காம்பு உருண்டையாக இருக்கும். அதன் புதிய இலை ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வெளிவந்து, உறை காய்ந்து உதிரும். மணி பிளான்டில் அந்த உறை இராது. புதிய இலை ஒன்று விரியும்வரை சில வாரம் பொறுத்திருக்கத் தயாராக இருந்தால், இந்த ஒரு அடையாளமே தீர்ப்பைச் சொல்லிவிடும்.

இலை அளவை நம்பி எவரும் ஏமாற வேண்டாம். தொட்டியில் உள்ளங்கை அகல இலை விடும் அதே மணி பிளான்ட், சாலையோர மரத்தில் ஏறி உயரம் போனதும் முறம்போல் பெரிய இலைகளை விட்டு ஓரங்களில் கிழிந்து நிற்பதைத் தீவு முழுக்கப் பார்க்கலாம். பூவை வைத்துத் தீர்மானிக்கவும் வழியில்லை, ஏனெனில் அது பூப்பதே மிக அபூர்வம். 1880இல் போத்தோஸ் என்ற இனத்தில் வைத்து விவரிக்கப்பட்ட செடி, 1962இல் ஒரு பூ காணக் கிடைத்த பிறகு வேறு இனத்துக்கு மாற்றப்பட்டது. பிறகு இன்னொரு சிற்றினத்தோடு சேர்க்கப்பட்டு, இலையையும் வளரும் விதத்தையும் மீண்டும் ஆராய்ந்தபின் தனியே பிரிக்கப்பட்டது. வல்லுநர்களே இத்தனை உறுப்புகளைப் பார்க்க வேண்டியிருந்த செடிக்கு, ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு உறுதியான பதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சிங்கப்பூர்ப் பூமலைக்குச் செடியைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1859இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தின் தாவர மாதிரிக் களஞ்சியம் ஆராய்ச்சிக்கானது. ஒரு தொட்டிச் செடிக்காக அங்கே போவது மலையைக் கெல்லி எலி பிடிக்கும் கதை. ஆனால் பெயர்ப்பலகையோடு நிற்கும் செடிகளைப் பார்த்துவர அதைவிட நல்ல இடம் கிடையாது. பரிணாமத் தோட்டப் பகுதியில் சைக்கஸ் வகைகளை ஒரு முறை அருகில் நின்று பார்த்துவிட்டால், பனைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பிறகு மறக்காது. ஆர்க்கிட் தோட்டம் தவிர மற்ற இடங்களுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

என் முறையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். நான் சோதித்துப் பார்த்தவை பெரும்பாலும் சேம்புக் குடும்பத்துச் செடிகளும் பனைபோல் தோன்றுபவையும்தான். ஆர்க்கிட்டில் என் அனுபவம் மிகக் குறைவு. அங்கே கலப்பினங்கள் ஏராளம் என்பதால், பூக்காத செடியை வைத்து இனம் வரைக்கும் போவதே பெரிது என்று தோன்றுகிறது. பல வண்ண அக்லோனிமாக்களும் அப்படியே. எந்தக் கலப்பினம் என்று தலையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை, அக்லோனிமா என்று தெரிந்தால் பராமரிப்புக்கு அது போதும். சந்தா கட்டிப் பயன்படுத்தும் செயலிகளை நான் நீண்ட காலம் வைத்துப் பார்த்ததில்லை, ஆதலால் அவற்றுக்குத் தீர்ப்பு எழுதப் போவதில்லை. கள்ளி வகைகளில் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: முள் கொத்துகள் பஞ்சுபோன்ற சிறு மேட்டிலிருந்து கிளம்பினால் அது உண்மையான கள்ளி, அப்படியில்லாமல் கீறினால் பால் வடிந்தால், அது பெரும்பாலும் யூஃபோர்பியா. கையுறை இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் அவதி.

ஒரு சூழ்நிலையில் மட்டும் மேலே சொன்ன எதுவும் செல்லாது. பூனை ஏற்கெனவே செடியைக் கடித்துவிட்டது என்றால், காம்பில் பள்ளம் இருக்கிறதா, நடுநரம்பு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. பூங்கொத்துகளில் வரும் லில்லியம் வகை லில்லியின் எந்தப் பகுதியும், மகரந்தம்கூட, பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பீஸ் லில்லி என்று தொட்டியில் விற்பதோ வேறு குடும்பம், அது வாயை எரிப்பதோடு நின்றுவிடும். எது என்று வீட்டிலிருந்து முடிவுகட்ட முயலாமல், இலையும் காம்பும், இருந்தால் பூவும் சேர்த்து ஒரு துண்டை உறையில் போட்டுக்கொண்டு, பூனையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.