மேல்ஸ்தாயிக்கான குரல் பயிற்சி: நீண்ட நாள் அனுபவம்

நான் ஒரு கட்டை சுருதியில், அதாவது மேற்கத்திய C-யை ஸட்ஜமாக (‘ஸ’) வைத்துப் பாடுபவன். தார ஸட்ஜம், அதாவது மேல்ஸ்தாயியின் ‘ஸ’ வரை எனக்குத் தொல்லை இருந்ததில்லை. அதற்கு மேலே காந்தாரத்தை (‘க’) தாண்டி மத்யமத்தை (‘ம’) தொடும் இடத்தில்தான் குரல் இரண்டாகப் பிளக்கும். அழுத்திப் பிடித்தால் கத்தலாகும். விட்டால் பொய்க்குரலாக மெலிந்துவிடும். அடுத்த ஸ்வரமான பஞ்சமம் (‘ப’) நல்ல நாளில் மட்டும் கிடைக்கும். இதைச் சரிசெய்யவே ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். சில ஆண்டுகள் ஓடிவிட்டன.

சேர நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் குரலின் எல்லை அப்படியொன்றும் விரியவில்லை. அன்றும் பஞ்சமம்தான், இன்றும் பஞ்சமம்தான். அதற்கு மேலுள்ள தைவதம் (‘த’) எப்போதாவது எட்டிப்பார்க்கும். ஆனால் இப்போது அந்தப் பஞ்சமத்தில் நின்று ஒரு சொல்லைத் தெளிவாக உச்சரித்துவிட்டு, அடுத்த வரியைக் களைப்பில்லாமல் எடுக்க முடிகிறது. புதிய சுவரங்களைத் தேடி வருபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுவே பெரிது.

சுருதி ஏற ஏறக் காற்றை அதிகம் தள்ள வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் குரல்நாண்கள் நீண்டு, மெலிந்து, விறைக்க வேண்டும். என் தார பஞ்சமத்தில் அவை நொடிக்குச் சுமார் 392 முறை அதிர்கின்றன. நாண்களைத் தடிப்பாக வைத்திருக்கும் தசை விட்டுக்கொடுக்காமல் நிற்க, அவற்றை நீட்டும் தசை இன்னொரு பக்கம் இழுக்க, கீழிருந்து காற்றும் முட்டினால் குரல் உடையாமல் என்ன செய்யும்? முதல் தசை சிறிது சிறிதாகத் தளர, இரண்டாவது பொறுப்பேற்க வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி இந்தக் கைமாற்றத்துக்குத்தான்.

அதற்கு அதிகம் உதவியது, சிரிக்காதீர்கள், ஒரு ஸ்ட்ரா. அதை உதடுகளுக்கிடையே வைத்து, அதன் வழியாக மட்டுமே ஒலியை விட்டு, கீழிருந்து மேலே வழுக்கிச் சென்று இறங்க வேண்டும். குறுகிய வழியால் காற்று சற்றே பின்னோக்கி அழுத்துகிறது. நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் அதிர்கின்றன. மூக்கு வழியாகக் காற்று கசிந்தால் பயனில்லை. உதடுகளைப் படபடக்க விட்டுப் பாடுவதும் இதே வகைதான். கச்சேரிக்கு முன் எனக்கு இவையிரண்டும் போதும்.

பழகக் கடினமாக இருந்தது தசையல்ல, காதுதான். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது. மத்யமத்தைச் சரியாகக் கடந்த நாள்களில் உள்ளே ஏதோ குறைந்துபோனதுபோல், ஒலி சிறுத்துவிட்டதுபோல் தோன்றும். உடனே தொண்டை பழைய பலத்தைத் தேடும், தாடை இறுகும், நாக்கின் அடி கல்லாகும். பதிவைக் கேட்டால் கதையே வேறு: சிறுத்ததாக நினைத்த ஒலிதான் முழுமையாக இருக்கும், ‘பலமாக’ப் பாடியது தட்டையாகவும் சுருதி விலகியும் கிடக்கும். உள்ளே கேட்பதை நம்பாமல் பாடுவது விசித்திரமான வேலை. இதைப் பழகத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக காலம் பிடித்தது. பதிவு செய்யாமல் இப்பயிற்சியைத் தொடங்க வேண்டாம் என்பேன்.

உயிரெழுத்துகளையும் சற்று வளைக்க வேண்டியிருக்கிறது. உச்சியில் ‘ஆ’வை அகலத் திறந்தால் எனக்குக் கத்தலாகிவிடுகிறது, ‘ஓ’வின் பக்கம் ஒரு நூல் சாய்த்தால் அடங்குகிறது. அதிகம் சாய்த்தால் சாகித்தியம், அதாவது பாடலின் சொற்கள், கெடும்.

சுருதியைத் திரையில் முள்ளாகக் காட்டும் செயலி எனக்கு உதவவில்லை. கண் முள்ளைத் துரத்த, தொண்டை அதன் பின்னால் ஓடியது. பாடும் நேரத்தில் மடக்மடக்கென்று தண்ணீர் குடிப்பதும் அப்படித்தான்: விழுங்கும் நீர் நாண்களைத் தொடுவதே இல்லை, உணவுக்குழாய்க்குப் போகிறது. நாள் முழுவதும் போதிய அளவு குடித்திருந்தால்தான் பலன். ஆவி பிடிப்பது நேரடியாகவே ஈரமாக்குகிறது. குரல் கம்மிப்போய் வாரக்கணக்கில் தெளியாவிட்டால் பயிற்சியாளரைத் தேடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னும் கைகூடாதது ஒன்று உண்டு. கீழிருந்து ஏறி வராமல், எடுத்த எடுப்பிலேயே தார மத்யமத்தை மெல்லிய ஒலியில், அதுவும் ‘ஈ’காரத்தில் தொடங்குவது. பத்தில் பாதி தவறுகிறது. அப்படித் தொடங்கும் பாடல்களை அரைக் கட்டை இறக்கித்தான் மேடையில் பாடுகிறேன்.